மேனேஜர் வரும் மாதம்

ஜனவரி 18

அன்புத் தம்பிக்கு,

இருவரும் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். எனக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. அத்தானுக்குத்தான் இன்னும் தூக்கம் பிடிபடவில்லை. உன் வயிற்று வலி எப்படி இருக்கிறது? கடையிலேயே பழியாகக் கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடு.

வீடு மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். ஆஸ்பத்திரி பதினைந்து நிமிட நடை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீராவியில் வைத்துக் கட்டிக் கொடுக்கிற அதே வேலைதான். கத்தரிக்கோலுக்கு எந்த நாட்டில் போனாலும் ஒரே முகம்தான் போலிருக்கிறது.

போனில் பேசலாமே என்பாய். நான் வேலை முடிந்து வரும்போது நீ தூங்குகிறாய். விழித்திருந்தாலும் "சரி, சரி" என்பதைத் தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வராது. காகிதத்தில்தான் நீ வாய் திறப்பாய். அதனால் எழுது.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வயது நாயை உன் தலையில் கட்டிவிட்டு வந்தோம் என்று நினைக்காதே. வேலையில் சேரச் சொன்ன தேதிக்குள் அவன் காகிதங்கள் முடியாது என்பதால்தான் விட்டு வந்தோம். கழுத்துத் தோலுக்கடியில் அடையாளச் சிப் வைக்க வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும், ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விதிமுறைத் தாளை உன் மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று முறை படி. மே மாதம் அவன் இங்கே இருக்க வேண்டும்.

அத்தான் கீழே ஏதோ கிறுக்க வேண்டுமாம்.

உன் அக்கா

மச்சான், மேனேஜரிடம் இதை வாசித்துக் காட்டவும்: "ஐயா, தாங்கள் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்காததால் இங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை. உங்கள் வேலைக்காரன் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வந்து பொறுப்பேற்கவும்." வாசிக்கும்போது குரலை உயர்த்தாதே, அவனுக்குப் பிடிக்காது.

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். வயிறு பழையபடி வேலை செய்கிறது. அங்கே குளிர் எப்படி? அத்தான் தூங்குகிறாரா?

உங்கள் மேனேஜர் என்னை வேலைக்காரனாகக்கூட மதிக்கவில்லை. முதல் வாரம் முழுக்கக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நான் கடையிலிருந்து வந்தால், "நீயா?" என்பது போல் ஒரு பார்வை. அவ்வளவுதான். தட்டு முழுக்கச் சாப்பாடு வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்கார்ந்து, நான் எத்தனை வாய் சாப்பிடுகிறேன் என்று எண்ணும். எனக்கும் நாய்க்கும் ஏழாம் பொருத்தம் என்று சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியும்.

அத்தான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். பாதியில் கொட்டாவி விட்டது.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். சிப் வைக்கிற ஊசியைப் பார்த்தால் எனக்கே மயக்கம் வந்தது, அவ்வளவு தடிமன். ஒரே நாளில் இரண்டு குத்தையும் வாங்கினால் பாவம் என்று தனித்தனி நாளில் போடச் சொன்னேன். இரண்டும் ஆகிவிட்டது. அழவில்லை. என் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டு நின்றது. கிழிந்த சட்டை உங்கள் கணக்கில்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. கவலையை விடுங்கள். ஊருக்கெல்லாம் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவன் நான். ஒரு தாளைப் படிக்கத் தெரியாதா?

தம்பி

*

மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உடம்பு எப்படி இருக்கிறது? மேனேஜர் தட்டைத் தொடுகிறானா?

வீடு மாற்றினோம். இப்போது கீழ்த்தளம். மாடிப்படி ஏறி இறங்க அத்தானுக்குப் பிடிக்கவில்லை. வந்ததிலிருந்து ஒரு இருமல், இந்த ஊர்க் காற்று அப்படி. கொஞ்சம் மெலிந்தும் இருக்கிறார். என் சமையலைச் சொல்லிக் கேலி செய்கிறார்.

இப்போதெல்லாம் என்னோடு ஆஸ்பத்திரிக்கும் வருகிறார். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வார்? அங்கே நாற்காலி இருக்கிறது, ஆட்களைப் பார்க்கலாம். நேரம் போகிறது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு மூலையைக் காலி செய்து, பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட்டிருக்கிறார். மேனேஜருக்காம். தினமும் அதை உதறி மறுபடி போடுகிறார். மே மாதம் எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நாள் தெரிந்தால் உடனே எழுது.

அக்கா

மேனேஜருக்கு: அறை தயார். வெயில் காலையில் மட்டும் வரும். மன்னிக்கவும்.

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே எல்லாம் சுகம். அத்தானுக்கு இருமல் நின்றதா? போன கடிதத்தில் அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. துறைமுகத்தில் அத்தனை வருடம் சரக்குக் காகிதம் பார்த்தவர் கையெழுத்தா இது என்று மேனேஜரிடம் கேட்டேன். காதைச் சொறிந்துகொண்டான்.

ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்தது. பயணக் கூண்டும் வாங்கி, உள்ளே சாப்பாடு வைத்துப் பழக்குகிறேன். முதலில் நானே தலையை விட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். இப்போது என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்.

அனுமதிச் சீட்டுக்காகப் போன வாரம் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சின்னத் தாமதம். ஏதோ தேதிக் குழப்பம் என்கிறார் எழுத்தர். அந்த ஆட்களைத்தான் தெரியுமே, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான். மேலதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறேன். இந்த மாதம் இல்லாவிட்டால் அடுத்த மாதம்.

அவன் இப்போது என் கட்டிலுக்குக் கீழே படுக்கிறான். நான் கூப்பிடவில்லை.

தம்பி

*

ஜூன் 4

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் இருக்கிறோம்.

ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல். எனக்கு இந்த மாதம் லீவு கிடைக்கும். அடுத்த மாதம் முதல் கிடைக்காது. ஒரு தடவை ஊருக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறார் அத்தான். உங்களை என்றால் மேனேஜரை. நேற்றுக்கூட, "அவன் வர்றானா, நாம போறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா" என்றார்.

மேனேஜர் ஜூலைக்குள் நிச்சயமாக இங்கே வருவான் என்றால் நாங்கள் வரவில்லை. அவ்வளவு நேரம் உட்கார்ந்து வருவது அவருக்கு அலைச்சல். வர மாட்டான் என்றால் இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டும். நாய்க்காகவா இவ்வளவு தூரம் என்று சிரிக்காதே. எனக்கு "வரும்", "வராது" என்று ஒரு சொல் போதும்.

அக்கா

(அத்தான் சொல்லச் சொல்ல நான் எழுதுவது: "மேனேஜருக்கு, காத்திருக்கிறேன்.")

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் நலம்.

நீங்கள் அலைய வேண்டாம். ஜூலைக் கடைசிக்குள் நிச்சயம் அனுப்பிவிடுவேன். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. என்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் பாருங்கள், எல்லாக் காகிதத்தின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஊசி, சிப், ரத்தப் பரிசோதனை, எல்லாம் முத்திரையோடு இருக்கிறது.

அத்தானிடம் சொல், அவன் கொஞ்சம் பருத்திருக்கிறான். கூண்டுக்குள் தானாகவே போகிறான்.

தம்பி

*

ஜூலை 30

தம்பிக்கு,

நலமா? ஜூலை முடிகிறது. மேனேஜர் வரவில்லை. பரவாயில்லை. அத்தான் இப்போது தேதி கேட்பதில்லை.

அவன் போட்டோ ஒன்று அனுப்பு. முகம் மட்டும், பெரிதாக இருக்கட்டும். இந்த வாரமே அனுப்பு.

அவருக்குக் கை வலி, எழுத முடியவில்லை.

அக்கா

*

செப்டம்பர் 5

தம்பிக்கு,

அத்தான் போய்விட்டதை அன்றைக்குப் போனில் சொன்னபோது நீ "சரி, சரி" என்றாய். அதற்குமேல் உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். நானும் வைத்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அத்தானுக்கு நுரையீரலில் புற்று. மார்ச்சிலேயே தெரியும். ஆஸ்பத்திரிக்கு என்னோடு வருகிறார் என்று எழுதினேனே, துணைக்கு இல்லை. நான் கீழே கத்தரியும் இடுக்கியும் எண்ணிக்கொண்டிருப்பேன். மேலே நான்காவது மாடியில் அவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

உனக்கு எழுத வேண்டாம் என்று முடிவு செய்தது நான். நீ தனி ஆள். கேட்டால் சாப்பிட மாட்டாய், வயிற்று வலி வரும் என்று நினைத்தேன்.

ஜூனில் டாக்டர், "ஊருக்குப் போறதா இருந்தா இந்த மாசமே போயிட்டு வாங்க. அப்புறம் விமானத்துல ஏத்த மாட்டாங்க" என்றார். அதனால்தான் உன்னை அப்படிக் கேட்டேன். உன் கடிதம் வந்தது. இருந்துவிட்டோம்.

ஆகஸ்டு 21, காலை பதினொன்றரை மணி. நீ அனுப்பிய போட்டோவைத் தலையணை ஓரம் சாய்த்து வைத்திருந்தார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. கண் மட்டும் அந்தப் பக்கம் இருந்தது.

உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது.

அக்கா

*

செப்டம்பர் 17

அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். சிப்பை முதலில் வைத்துவிட்டுத்தான் தடுப்பூசி போட வேண்டும். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி அந்த நாட்டுக் கணக்கில் ஊசியே இல்லை. விதிமுறைத் தாளில் இரண்டாம் பக்கம், சின்ன எழுத்தில் இருக்கிறது. நான் படிக்கவில்லை. டாக்டர் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார். நான்தான் சின்ன ஊசியைத் திங்கட்கிழமை போட்டுப் பழக்குவோம், பெரியதை வியாழக்கிழமை வைப்போம் என்று பிரித்தேன். மூன்று நாள். அந்த மூன்று நாளால் எல்லாம் செல்லாமல் போய்விட்டது.

மே மாதம் அந்த அலுவலகத்தில் எழுத்தர் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "முதல்லேருந்து ஆரம்பிங்க சார்" என்றார். மறுபடி ஊசி, ரத்தம், மூன்று மாதம். அந்த வாரமே தொடங்கிவிட்டேன். செப்டம்பர் கடைசிக்கு முன்னால் அவன் போகவே முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். மனு கொடுத்தது நிஜம். அது தேறாது என்பதும் அன்றைக்கே தெரியும்.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். பெருமையாக "ஒரு தாளைப் படிக்கத் தெரியாதா" என்று எழுதியவன். வெட்கமாக இருந்தது. "அடுத்த மாதம்" என்று எழுதிவிட்டேன். நீ ஜூனில் கேட்டபோது, அத்தானை எதற்கு அலைக்கழிக்க வேண்டும், நாலு மாதம் தள்ளி நாய் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் அக்கா. அவருக்கு உடம்பு இப்படி என்று தெரிந்திருந்தால் ஓடி வந்து உன் காலில் விழுந்திருப்பேன். தெரியாததால் தப்பு இல்லையென்று ஆகிவிடாது.

நீ என்னைத் திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

தம்பி

*

நவம்பர் 2

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும். நீ அனுப்பிய நகல்களை, கடிதம் வந்து ஒரு வாரம் கழித்து, படுக்கையிலேயே வாங்கிப் பார்த்தார். எத்தனை வருடப் பழக்கம். எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கண் தேதியைத்தான் பார்க்கும். ஊசித் தாளையும் சிப் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்து, "மேனேஜர் ஜூலையில வர மாட்டான்மா" என்றார். அது ஜூலை முதல் வாரம். அதற்குள் அவரால் உட்காரவே முடியவில்லை. டிக்கெட் எடுக்கிற காலம் தாண்டிவிட்டது.

நான் போனை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "திட்டாத. அவன் கண்ணு பாக்கறவன், காகிதம் பாக்கறவனா? ரெண்டு ஊசியையும் ஒரே நாள்ல போட மனசு வந்திருக்காது. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்" என்றார்.

அவர் செய்திருக்க மாட்டார். உனக்காகச் சொன்னார்.

அவர் மனசு பெரிது. எனக்கு அவ்வளவு பெரிது இல்லை. ஊசி மாறிப் போனதற்கு எனக்குக் கோபமே கிடையாது. நீ இரக்கப்பட்டுச் செய்தது. ஆனால் "ஜூலையில் வராது அக்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தால், நான் அவரை ஜூனில் கூட்டி வந்திருப்பேன். அவன் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு வரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நானும் "அவருக்கு முடியவில்லை தம்பி" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதையும் மறக்க முடியவில்லை. ஆளுக்கு ஒரு வரி. உன்னைத் திட்ட ஆரம்பித்தால் பாதியில் என் பக்கம் திரும்பிவிடுகிறது. அதனால்தான் நான்கு தடவை கிழித்தேன்.

மேனேஜருக்குக் காகிதம் எல்லாம் சரியாகியிருக்கும். அனுப்பிவிடு. இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது, உடனே என்னால் திரும்ப முடியாது. இங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாருமே இல்லை. வேலை செய்கிற இடத்தில் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு அவர் ஒரு படுக்கை எண். அவர் நடையை, குரலைத் தெரிந்த உயிர் ஒன்று இந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும் எனக்கு.

அக்கா

*

நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை அவனை விமானத்தில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதம் பின்னால் வந்து சேரும். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

சில விஷயங்கள். தட்டைத் தரையில் வைத்தால் சாப்பிட மாட்டான். நான் அவசரத்துக்குச் சின்ன ஸ்டூல் மேல் வைத்துப் பழகிவிட்டது. வலது காது அடிக்கடி அரிக்கும், சொறிந்துவிட்டால் காலைத் தூக்கிக்கொண்டு படுப்பான். குடைக்குப் பயப்படுவான். காலையில் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் இரண்டு வார்த்தை பேச வேண்டும், என்ன பேசினாலும் போதும். நான் அன்றைக்குக் கடைக்கு வரப்போகிறவர்களைப் பற்றிச் சொல்வேன்.

கூண்டுக்குள் அவனாகவே போனான். கம்பி வழியாக ஒரு தடவை பார்த்தான். பிறகு வண்டியில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கு ஒன்றுமில்லை. கடையில் வேலை அதிகம்.

தம்பி

*

டிசம்பர் 1

அன்புத் தம்பிக்கு,

மேனேஜர் வந்து சேர்ந்தான். உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

சரக்குக் கூடத்தில் கூண்டைத் திறந்ததும் என்னை மோந்து பார்த்து வாலை ஆட்டினான். வீட்டுக்கு வந்து இரண்டு அறையையும் சுற்றினான். அத்தான் சட்டை ஒன்றைத் துவைக்காமல் பையில் கட்டி வைத்திருந்தேன், இவனுக்காகவே. எடுத்து மூக்கருகே நீட்டினேன். மோந்தான். நகர்ந்து போய்விட்டான். அவர் உதறி உதறிப் போட்ட கம்பளியில் படுக்கவில்லை. வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான்.

நாலு நாள் அப்படியே இருந்தான். தட்டைத் தரையில் வைத்தாலும், கையில் பிடித்து நீட்டினாலும் தொடவில்லை. அவர் வெளியிலிருந்து வருவார் என்று பார்க்கிறான் என நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "அவரு வர மாட்டாருடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். காலடிச் சத்தம் கேட்டால் எழுந்திருப்பான். மறுபடி உட்கார்ந்துவிடுவான்.

ஐந்தாம் நாள் தபாலில் உன் கடிதம் வந்தது. கதவுத் துளை வழியாக உறை விழுந்ததும் பாய்ந்து எழுந்தான். மோந்து மோந்து, மூச்சு வாங்கி, அழுகிற குழந்தை மாதிரி ஒரு சத்தம் போட்டான். அத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. என்னைப் பிரிக்கவே விடவில்லை. உறைமேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டான்.

அப்போதுதான் புரிந்தது. அவன் அவரைத் தேடவில்லை, உன்னைத் தேடுகிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! "அவர மறந்துட்டியாடா? உன் படத்தப் பாத்துக்கிட்டே போனாருடா" என்று கத்தினேன். அவன் காதை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். கத்திக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் போனதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை தம்பி. அன்றைக்குத்தான் வந்தது. வேலைக்குக்கூடப் போகவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. ஆனால் ஒரு வாயில்லா ஜீவன் உனக்காகப் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, கோபத்தையும் கட்டிக் காப்பாற்ற என்னால் முடியவில்லை.

வாரம் ஒரு கடிதம் எழுது. எழுத ஒன்றுமில்லை என்றால் வெறும் தாளை மடித்து அனுப்பு, நீ தொட்டதாக இருந்தால் போதும். உறை வந்த அன்றைக்கு மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டான்.

நானும் அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

உன் அக்கா